குருதி சொல்லும் கதையும் குடி சொல்லும் கதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



போடிநாயக்கனூர் மலையடிவாரத்து ஊர். விடியலுக்கு முன்பே ஜீப்புகளில் தொழிலாளர் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்வர். தோட்டத்தில் பறித்து உலர்த்திய ஏலக்காய் மூட்டைகளாக இறங்கி வந்து இவ்வூர் ஏலக்கூடத்தில் விலை பெறும். மனிதர் ஏறுவதும் சரக்கு இறங்குவதுமாகிய இவ்வழி மிகப் பழையது. கீழ்நாட்டையும் சேரநாட்டு மலையையும் இணைத்த கணவாய் வழிகளுள் ஒன்று அது. அவ்வழியே முதலில் நடந்த கால்கள் யாருடையவை என்ற வினா இங்குப் பிறந்து வளர்ந்த எவர்க்கும் ஒருநாளேனும் எழுந்திருக்கும்.

இவ்வினாவுக்கு இரண்டு இடங்களிலிருந்து விடை வந்திருக்கிறது. ஒன்று, மேலே ஏலமலைச் சரிவுகளில் வாழும் குடிகள் சொல்லும் விடை. மற்றொன்று, கீழே மதுரையை நோக்கிச் செல்லும் தேனிச் சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்திலிருந்து வந்த விடை. முன்னது வாய்மொழி, பின்னது குருதியின் மொழி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதே இவ்வுரையின் நோக்கம். கவிஞர் அவையில் உயிரியலுக்கு என்ன வேலை என்று எவரும் வினவலாம். மூத்த குடி, தொல்குடி, முதற்குடி என்னும் சொற்களைத் தமிழ்க் கவிஞரைவிட மிகுதியாக எடுத்தாண்டவர் இலர். அச்சொற்களின் பொருளையே இன்று ஓர் அறிவியல் அளந்து பார்க்கிறது. ஆதலால் அதன் முடிவை முதலில் கேட்க வேண்டியவர்களும் கவிஞர்களே.

முதலில் குடிகள் சொல்லும் கதை. குரங்கணிப் பக்கம் முதுவாக்குடி என்றோர் ஊர் உண்டு. அங்கும் அதற்கு மேலுள்ள மலைகளிலும் முதுவர் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. மதுரைக்குக் கேடு சூழ்ந்த காலத்தில் அம்மன் திருவுருவை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுகர் என்றும், பின்னர் முதுவர் என்றும் பெயர் பெற்றனர் என்பர். கண்ணகி எரித்த மதுரையிலிருந்து வந்தோம் என்று சொல்வாரும் உளர். முதுவர் என்னும் சொல்லுக்குத் தமிழில் முதியோர் என்றே நேரான பொருள் இருப்பதால், முதுகு என்னும் விளக்கம் பின்னர்ப் புனைந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் முதுவர் குலப் பெண்டிர் இன்றும் குழந்தையைச் சேலையால் முதுகில் கட்டிச் சுமந்து செல்வதைக் கண்டவர்க்கு அவ்விளக்கத்தை எளிதில் தள்ளிவிட மனம் வாராது.

மலைக்கு அப்பால், கட்டப்பனையை அடுத்த கோவில்மலையில், மன்னான் என்னும் குடியினர்க்கு இன்றும் அரசர் உண்டு. அவ்வரசுரிமை தாய்வழியில் செல்கிறது. அவர்களும் தங்கள் பழங்கதையைப் பாண்டி நாட்டோடு இணைத்தே சொல்வர். அவர்கள் ஆடும் கூத்தின் கதை கோவலன் கண்ணகி கதை. கூடலூருக்கு மேலே மலையுச்சியில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் கண்ணகி கோட்டத்திற்கு மக்கள் ஏறிச் செல்வதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். இம்மலைத்தொடர் முழுவதும் ஒரே கதை பல வாய்களில் புழங்குகிறது. கீழே ஓர் ஊர் அழிந்தது, அதன் நினைவைச் சுமந்துகொண்டு மேலே வந்தோம் என்பது அதன் சாரம்.

இனிக் குருதி சொல்லும் கதை. போடியிலிருந்து தேனி வழியாக ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி. அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் குருதியில் எம்130 என்னும் மரபணு அடையாளம் இருப்பது கண்டறியப்பட்டது. காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் அமெரிக்க மரபியல் அறிஞரும் இணைந்து செய்த ஆய்வின் விளைவு அது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, இந்தியக் கடலோரம் வழியாக ஆஸ்திரேலியா வரை சென்ற பழைய மனிதப் பயணத்தின் தடம் அவ்வடையாளம் என்று அவர்கள் விளக்கினர். அப்பயணம் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 2002இல் வெளிவந்த வெல்ஸின் நூலும் அதனையொட்டி வந்த ஆவணப்படமும் இச்செய்தியை உலகறியச் செய்தன. உசிலம்பட்டிச் சீமை ஒரே நாளில் மனிதகுல வரலாற்றின் வரைபடத்தில் இடம்பெற்றது.

அடையாளம் என்பது யாது? ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழறிஞர்க்கு இதனை விளக்குவது எளிது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்களை ஆராய்ந்தார். ஏடு பெயர்த்தெழுதுவோர் எங்கோ ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடுகள் எல்லாவற்றிலும் அப்பிழை தொடரும். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்குமாயின், அவை ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என்று துணியலாம். உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்பதும் நான்கே எழுத்துகளால் எழுதிய நெடிய ஏடு. ஒவ்வொரு தலைமுறையிலும் அது பெயர்த்தெழுதப்படுகிறது. அரிதாக ஓரெழுத்து மாறுகிறது. அந்த மாற்றம் வழித்தோன்றல்கள் அனைவரிடத்தும் தொடர்கிறது. எம்130 என்பது அத்தகைய ஓர் எழுத்துப் பிழையே. தொல்பழங்காலத்தில் ஓர் ஆடவனுக்கு நேர்ந்த அப்பிழை அவன் மகனுக்கும் மகனின் மகனுக்கும் கடந்து வந்து, உசிலம்பட்டி இளைஞரிடம் படிக்கப்பட்டது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஏட்டுப் பகுதிக்கு ஒய் குரோமோசோம் என்று பெயர். இதனை ஏலத்தோட்டக்காரர் உடனே உணர்வர். ஏலச்செடியை இரு வகையாகப் பெருக்கலாம். தூரைப் பிரித்து நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். விதையிட்டு வளர்த்தால், தேனீ கொண்டுவந்து சேர்த்த மகரந்தத்தின்படி இரு செடிகளின் குணமும் கலந்து வரும். மலபார், மைசூர் என்னும் இரு வகைகளும் இயற்கையாகக் கலந்தே வழுக்கை என்னும் வகை தோன்றிற்று என்பர். மனித ஏட்டின் பெரும்பகுதி விதை போன்றது. தலைமுறைதோறும் தாயும் தந்தையும் கலந்து வருவது. ஒய் குரோமோசோமின் மிகப் பெரும்பகுதி தூர் பிரித்து நட்டது போன்றது. கலப்பின்றி வருவதால் அதன் வழியைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்வது எளிது.

தாய்வழிக்கும் இவ்வாறே ஓர் இழை உண்டு. அதனைக் கண்டு காட்டியவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஆலன் வில்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரெபெக்கா கான், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த மகளிரின் பேற்றில் கழிந்த நஞ்சுக்கொடிகளைத் திரட்டினார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வை அவற்றிலிருந்து படித்தார். மார்க் ஸ்டோன்கிங்கும் ஆலன் வில்சனும் உடனிருக்க, 147 பேரின் சான்றோடு அவ்வாய்வு 1987இல் வெளிவந்தது. இன்று வாழும் மாந்தர் அனைவரின் தாய்வழியும், ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேரும் என்பது அதன் முடிவு. தொப்புள்கொடி உறவு என்று தமிழர் சொல்லும் தொடர்க்கு இதனினும் நேரான சான்று வேறு கிடைக்குமா என்பது ஐயம். பிறந்தவுடன் புதைத்துவிடும் கொடியிலிருந்து மனிதகுலம் முழுவதற்கும் ஒரு தாய்வீட்டைக் கண்டெடுத்தவர் ஒரு மாணவி என்பதை இங்குள்ள இளையோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

மதுரையில் இவ்வாய்வு தோன்றிய விதமும் அறியத்தக்கது. பிச்சப்பன் தொடக்கத்தில் மனிதர் எங்கிருந்து வந்தனர் என்று தேடப் புறப்பட்டவர் அல்லர். நோய் எதிர்ப்பாற்றலின் மரபியலே அவர் துறை. காசநோய் சிலரைப் பற்றுவதும் சிலரை விடுவதும் ஏன் என்று ஆராயும்போது, நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒரே மக்கள் கூட்டத்திலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் எதிர்ப்பாற்றல் கூறுகள் வேறுபட்டிருந்தன. அவ்வேறுபாடுகளை அளந்து வைத்த பழக்கமே பின்னர் இடப்பெயர்ச்சி வரலாற்றுக்கு வழிகாட்டிற்று. 2005இல் நேஷனல் ஜியாகிரபிக் கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் உலகளாவிய மரபணுப் பயண ஆய்வைத் தொடங்கியபோது, இந்தியப் பகுதியின் ஆய்வு பிச்சப்பனின் பொறுப்பில் மதுரையில் நிகழ்ந்தது.

அவ்வாய்வகத்திலிருந்து 2012இல் வெளிவந்த கட்டுரை தமிழகத்துக்கு மிக இன்றியமையாதது. கணேஷ்பிரசாத் அருண்குமார் அதன் முதல் ஆசிரியர். 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆடவரின் ஒய் குரோமோசோம்கள் அதில் படிக்கப்பட்டன. எண்ணைக் கேட்பது எளிது. 1,680 என்பது 1,680 முறை ஒரு வாசலில் நின்று, வந்த காரியத்தை எடுத்துரைத்து, அவர்தம் இசைவைப் பெற்றதாகும். உம் பாட்டனார் எவ்வூர், அவர் தந்தை எவ்வூர், பெண் கொண்டது எங்கே என்று மூன்று தலைமுறை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய உறவினர் இருவரைச் சேர்த்துவிட்டால் கணக்குப் பிழைக்கும். மலைக்குடி என்றால் நடை கூடும். மழைக்காலமாயின் பாதை அடைபடும். எடுத்த குருதியைக் கெடாமல் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் ஆய்வகப் பணி. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களின் உழைப்பைப் போற்றத் தெரிந்த தமிழுலகம், குருதிச்சுவடி தேடி அலையும் ஆய்வு மாணவரின் உழைப்பையும் அறிந்து போற்ற வேண்டும்.

அக்கட்டுரை கண்ட முடிவு இது. தமிழகத்தின் மக்கள் கூட்டங்கள் தந்தைவழியில் தனித்தனியே பிரிந்தமை 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கடைசி 3,000 ஆண்டுகளில் அவற்றிடையே கலப்பு மிகக் குறைவு. அப்பிரிவுக்கு வேளாண்மையின் பரவலே பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது. வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்தோர், மலையில் பயிரிட்டோர், வறண்ட நிலத்தில் உழுதோர் என வாழ்முறையை ஒட்டியே தந்தைவழி இழைகளும் வேறுபட்டுக் கிடந்தன. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தையும் தொழிலையும் வைத்து மக்களைப் பகுத்த தமிழ் இலக்கண மரபை அறிந்தவர்க்கு இம்முடிவு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். திணை என்பது கவிதைக்கு வகுத்த இலக்கணம், மக்கள்தொகைக் கணக்கன்று. இரண்டும் ஒத்திருப்பது சிந்தனைக்குரியது என்று சொல்வதோடு நிற்பதே முறை.

இத்துணையும் அறிந்தபின், இவ்வறிவு எவ்வாறு பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். உரையின் மையம் இங்கேதான் உள்ளது.

உசிலம்பட்டிச் செய்தி வந்தவுடன் முதல் இந்தியர் இவரே என்று செய்தித்தாள்கள் எழுதின. எம்130 எங்கள் குருதி என்று பெருமை பேசுவோரும் தோன்றினர். அறிவியல் அவ்வாறு சொல்லவில்லை. ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் முன்னோர்க்குரிய இடங்கள் 1,024. ஒய் குரோமோசோம் அந்த 1,024இல் ஒருவரை மட்டுமே காட்டுகிறது. எஞ்சிய 1,023 பேரும் அதே உடலில்தான் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி அந்த அடையாளம் வாய் திறப்பதில்லை. மேலும் எம்130 பாண்டி நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மங்கோலியப் புல்வெளியில் வாழ்வோரிடமும் அதன் கிளைகள் மிகுதி. ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடம் காணும் கிளையும் இந்தியக் கிளையும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று பின்வந்த நுண்ணாய்வுகள் காட்டின.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று உண்டு. உசிலம்பட்டி இளைஞரின் முன்னோர் 60,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்தனர் என்றால், அவர் பக்கத்து வீட்டாரின் முன்னோரும், போடி ஏலக்கடையில் கணக்கெழுதுபவரின் முன்னோரும், மூட்டை சுமப்பவரின் முன்னோரும் அந்த வெளியேற்றத்தின் வழிவந்தவர்களே. ஒருவர் குடியின் வயது மற்றொருவர் குடியின் வயதைவிடக் கூடுவதற்கு வழியே இல்லை. மூத்த குடி என்பது எல்லாக் குடிக்கும் பொதுவான பெயர். பழமையைக் காட்டி ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தின்மேல் நிற்பதற்குக் குருதியில் ஒரு படிக்கட்டும் இல்லை.

குருதி மேலும் ஒன்று சொல்கிறது. அது அத்துணை இனிமையானதன்று. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்திய மக்களில் ஏறத்தாழ எல்லாக் கூட்டங்களும் இரு பழந்தொகுதிகளின் கலப்பால் ஆனவை என்று அது காட்டிற்று. மலைக்குடிகளும் இதற்கு விலக்கில்லை. அப்போது ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த பிரியா மூர்ஜானி அக்கலப்பின் காலத்தைக் கணித்தார். 2013இல் வெளிவந்த அவ்வாய்வின்படி கலப்பு நிகழ்ந்தது 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன். அதன்பின் கதவுகள் அடைபட்டன. தந்தைவழி இழையை மட்டும் படித்த மதுரை ஆய்வு இன்னும் முன்னரே பிரிவைக் காண்கிறது. முழு ஏட்டைப் படித்த ஆய்வு பின்னரும் கலப்பைக் காண்கிறது. காலத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலத்தில் சுவர் எழுந்தது என்பதில் வேறுபாடு இல்லை.

1,900 ஆண்டுகள் என்பதைத் தமிழிலக்கிய மாணவர் தம் காலவரிசையில் வைத்துப் பார்க்கட்டும். சங்கப் பாடல்கள் பாடப்பட்ட காலத்தை அது தொடுகிறது. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. உடன்போக்கு ஒரு துறையாகவே பாடப்பட்டது. இதனை மரபணுவுக்குச் சான்றாகக் காட்டுவது பேதைமை. பாட்டு வேறு, குருதி வேறு. ஆயினும் கதவுகள் முற்றும் அடைபடாத காலத்தின் கவிஞர்கள் பெயரும் குலமும் சுட்டாத காதலைப் பாடினர் என்பதும், அடைபட்ட காலத்தின் வழிவந்தோர் அதனைப் பாடநூலில் மட்டும் போற்றுகின்றனர் என்பதும் ஒருவர் உறக்கத்தைக் கெடுக்க வேண்டிய செய்திகள்.

அடைபட்ட கதவின் விலை உடலிலும் தெரிகிறது. ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த நேதன் நகாட்சுகா, தங்கராஜ், ரைக் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 கூட்டங்களுள் 81 கூட்டங்களில், மிகச் சிலரே முன்னோராய் அமைந்து உள்ளுக்குள்ளேயே மணந்து வந்த தடம் அழுத்தமாகப் பதிந்திருப்பது தெரிந்தது. அவற்றுள் 14 கூட்டங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டவை. தென்னாட்டுச் சமூகம் ஒன்றில், அறுவை மருத்துவத்தின்போது தரும் தசைத் தளர்ச்சி மருந்தைச் சிதைக்கும் நொதி சிலர்க்குப் பிறப்பிலேயே இல்லை. மருந்து தந்தபின் அவர்தம் மூச்சு நெடுநேரம் திரும்புவதில்லை. இச்செய்தியை அறிந்த மருத்துவர் வேறு மருந்து தந்து உயிரைக் காப்பார். தூய்மை என்று காத்து வந்தது நோயைச் சேமித்து வைத்த பெட்டியாகவும் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. அதே வேளையில், கூட்டங்களை அறிந்து ஆராய்வது இழிவுபடுத்துவதற்கன்று, காப்பதற்கு என்பதற்கும் இதுவே சான்று.

இனி ஆய்வு மாணவரை நோக்கி ஒரு சொல். மலையேறுபவர் கையில் ஊசி மட்டும் இருத்தல் ஆகாது. அமெரிக்க நாட்டில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் அவசுப்பாய் என்னும் தொல்குடியினர், நீரிழிவு நோய் ஆய்வுக்கென்று 1990 முதல் குருதி தந்தனர். அக்குருதி அவர்கள் அறியாமலே வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. அவர்தம் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தனர் என்ற முடிவும் அதிலிருந்து எழுதப்பட்டது. அப்பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்பது அவர்தம் சமயநம்பிக்கை. வழக்கு நெடுநாள் நடந்து 2010இல் உடன்பாட்டில் முடிந்தது. 7,00,000 டாலர் இழப்பீட்டோடு எஞ்சிய குருதியும் அவர்களிடம் திரும்பி வந்தது. குருதியைத் திரும்பப் பெற்றவர்கள் அதனை ஆய்வகப் பொருளாகக் கருதவில்லை. தம் மக்களின் ஒரு பகுதி வீடு திரும்பியதாகவே கருதினர்.

இம்மலைகளிலேயே நேர்மாறான முன்மாதிரியும் உண்டு. 1962 முதல் 1964 வரை பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க ஆய்வு மாணவர் பளியரிடையே தங்கிப் பயின்றார். அவர் எடுத்துச் சென்றது குருதியன்று, பளியரின் வாழ்நெறி. ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமை, சினம் எழுந்தால் விலகிப் போதல், எவரையும் தாழ்வுறச் செய்யாமை என்னும் ஒழுக்கங்களை அவர் பதிவு செய்தார். சமநிலை மதிப்பு என்பது அவர் எழுத்தின் அடிப்படைக் கருத்து. சமத்துவம் என்னும் சொல்லைக் கற்றோர் மேடையில் பேசிக்கொண்டிருக்க, அடுத்த மலையில் ஒரு குடி அதனை வாழ்ந்து வந்திருக்கிறது. இச்செய்தியை எந்த மரபணு அடையாளமும் தாராது.

ஆகவே முதுவரின் கதையிடம் மீண்டும் வருவோம். நாளை ஓர் ஆய்வு மாணவர் முதுவாக்குடிக்குச் செல்கிறார் என்று கொள்வோம். குருதியைப் படித்து, உங்கள் முன்னோர் மதுரை எரிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையில் இருந்தனர் என்று அவர் சொல்லலாம். அன்றிச் சமவெளியிலிருந்து வந்த தடம் இருக்கிறது என்றும் சொல்லலாம். எவ்விடை வரினும் முதுகில் சுமந்த அம்மன் பொய்யாகிவிடுவதில்லை. மைட்டோகாண்டிரியா தாய்வழியைக் காட்டும். ஒய் குரோமோசோம் தந்தைவழியைக் காட்டும். எதனை இழந்து வந்தோம், எதனைக் கைவிடாது சுமந்து வந்தோம் என்பதைக் கதை ஒன்றே காட்டும். கால்கள் எவ்வழி நடந்தன என்பது குருதியின் செய்தி. நடந்தவர் தம்மை யார் என்று எண்ணிக்கொண்டனர் என்பது வாய்மொழியின் செய்தி. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடிப்பவர் இரண்டையும் இழப்பார்.

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளில் பல கவிதைகளைக் கேட்டிருக்கிறது; மலையையும் ஏலமணத்தையும் பாடிய கவிதைகள் அவற்றுள் பல. அடுத்த பத்தாண்டுக்கு இரண்டு பணிகளை இம்மேடை முன்வைக்கிறது. ஒன்று, மூத்த குடி என்னும் சொல்லைக் கவிதையில் எடுக்கும்போது, அச்சொல்லின் நிழலில் எவரையும் இளைய குடியாக நிறுத்தாதிருத்தல். மற்றொன்று, மலைக்குடிகளின் கதைகளை அவர்தம் இசைவோடு, அவர்தம் சொற்களிலேயே கேட்டுப் பதிந்து வைத்தல். குருதி ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் பல ஆண்டுகள் கெடாதிருக்கும். கதைக்கு அத்தகைய பெட்டி இல்லை. சொல்லும் முதியவர் மறையும் நாளில் அதுவும் மறையும்.

நாளை விடியலிலும் ஜீப்புகள் மலையேறும். அவற்றில் நெருக்கி அமர்ந்து செல்லும் பெண்டிரின் ஊர்கள் வேறு, குலங்கள் வேறு. அவர்கள் அனைவரையும் ஒரே தாய் பெற்றாள் என்று கவிஞர் சொன்னபோது அது உவமை எனப்பட்டது. இன்று அது கணக்கிட்டுக் கண்ட உண்மை. கவிஞர்களே, உவமை உண்மையான பிறகும் சுவர் நிற்குமாயின் அக்குறை அறிவியலின்பாற்பட்டதன்று.

இவ்வட்டம் நீடு வாழ்க.